தெருவில் தொடங்கும் நகரத் திட்டம்: கராச்சி ஒராங்கி போட்ட எல்லைக்கோடு

2022 பிப்ரவரியில் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் நடந்த பிறகு தமிழ்நாட்டு நகரங்களில் 'ஏரியா சபை' (வார்டின் ஒரு பகுதி வாக்காளர்கள் கூடும் சபை) என்ற பெயர் அடிபடத் தொடங்கியது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் தெருவில் தண்ணீர் நிற்கும்போது, திட்டமிடலில் மக்களைச் சேர்க்க வேண்டும் என்ற குரலும் எழுகிறது. எதில் சேர்ப்பது, எதுவரை சேர்ப்பது என்று கேட்டால் தெளிவான விடை கிடைப்பதில்லை. கூட்டம் போட்டுக் குறை கேட்பதையே பரவலாக்கம் என்று நம்மில் பலர் எடுத்துக்கொள்கிறோம். எந்த முடிவை யார் எடுப்பது, அதற்கான பணம் யார் கையில் இருப்பது, அந்த முடிவு தவறினால் யார் பொறுப்பு என்பவற்றைப் பிரித்துக் கொடுப்பதுதான் பரவலாக்கம். இந்தப் பிரிவினையை வளரும் நாடுகளில் மிகத் துல்லியமாகச் செய்து காட்டிய இடம் பாகிஸ்தானின் கராச்சி நகரத்தில் இருக்கிறது. அதன் பெயர் ஒராங்கி.

நகரத் திட்டமிடல் என்பது எவையெவை?

நகரத் திட்டம் என்றதும் வண்ணம் தீட்டிய ஒரு வரைபடம்தான் நினைவுக்கு வரும். உண்மையில் அது மூன்று வேலைகளின் தொகுப்பு.

1. நிலப் பயன்பாட்டை வகுப்பது. எது குடியிருப்பு, எது தொழிற்சாலை, எது நீர்நிலை, சாலைக்கு எவ்வளவு அகலம் என்று முடிவு செய்வது. முழுமைத் திட்டம் அல்லது மாஸ்டர் பிளான் என்பது இதைத்தான்.

2. கட்டமைப்பைப் போடுவது. குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், மின்சாரம், பஸ் தடம்.

3. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும். மனைப்பிரிவுக்கு ஒப்புதல், கட்டட வரைபடத்துக்கு ஒப்புதல், விதிமீறலுக்கு நடவடிக்கை.

பாடப்புத்தக முறைப்படி முதலில் திட்டம் வரும், அதன்படி குழாய் வரும், பிறகு வீடு, கடைசியில் மனிதர்கள் குடிவருவார்கள். ஏழை நாட்டு நகரங்களில் பெரும்பகுதி இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான் வளர்ந்திருக்கிறது. முதலில் மனிதர்கள் வருகிறார்கள். கையில் இருக்கும் காசுக்கு ஏற்ப ஒரு சுவர், பிறகு ஒரு கூரை. பல ஆண்டுகள் கழித்துக் குழாய் வருகிறது. திட்டம் வரும்போது அந்த இடம் வரைபடத்தில் 'ஆக்கிரமிப்பு' என்று குறிக்கப்பட்டிருக்கும்.

மேலிருந்து வரும் திட்டம் இங்கே தோற்பதற்கு அதிகாரிகளின் அலட்சியம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. காலி நிலத்தை மனதில் வைத்து வகுத்த முறையை, ஏற்கெனவே பத்து லட்சம் பேர் வாழும் இடத்தில் பொருத்தப் பார்ப்பதுதான் அடிப்படைக் கோளாறு.

ஒராங்கி எப்படி உருவானது?

கராச்சியின் வடமேற்கு ஓரத்தில், கரட்டுக் குன்றுகளின் அடிவாரத்தில் 1960களின் நடுவில் குடியேற்றம் தொடங்கியது. 1971இல் வங்கதேசம் பிரிந்ததும் அங்கிருந்து வந்த உருது பேசும் மக்கள் பெருந்திரளாக இங்கே குடியேறினார்கள். பஷ்தூன்கள், பஞ்சாபியர் என்று பல இனத்தவரும் சேர்ந்தார்கள். அரசு நிலத்தைத் தரகர்கள் மனையாகப் பிரித்து விற்றார்கள். சட்டப்படி அந்த விற்பனை செல்லாது. ஆனாலும் நேர்நேரான தெருக்களை விட்டுத்தான் மனை பிரித்தார்கள். பின்னாளில் பட்டா கிடைக்க வேண்டுமானால் தெரு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த நேர்கோடுகள்தான் பிற்பாடு சாக்கடை போட உதவின.

வீடு வந்தது, கழிவுநீருக்கு வழி வரவில்லை. வாளிக் கழிப்பிடங்களும் உறிஞ்சுகுழிகளும்தான் இருந்தன. தெருவின் நடுவே கழிவுநீர் ஓடியது. அதில்தான் குழந்தைகள் விளையாடினார்கள்.

1980இல் அக்தர் ஹமீத் கான் அங்கே வந்தார். ஆங்கிலேயர் காலத்து ஐசிஎஸ் பதவியை உதறியவர். இன்றைய வங்கதேசம் கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த காலத்தில் அங்குள்ள கொமில்லாவில் கூட்டுறவு வழியாகக் கிராம மேம்பாட்டை நடத்திப் பார்த்தவர். ஒராங்கிக்கு வந்தபோது கையில் எந்தத் திட்டத்தையும் அவர் கொண்டுவரவில்லை. மாதக்கணக்கில் தெருத்தெருவாக நடந்து மக்களிடம் பேசினார். சாக்கடை வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். அது ஏன் நடக்கவில்லை என்பதுதான் ஆராய வேண்டிய கேள்வியாக இருந்தது. அவர் தொடங்கிய ஒராங்கி முன்னோடித் திட்டம் நான்கு தடைகளை அடையாளம் கண்டது.

1. மனத் தடை. சாக்கடை போடுவது அரசின் கடமை, என்றாவது இலவசமாக வரும் என்ற நம்பிக்கை.

2. பணத் தடை. அரசுத் துறையின் மதிப்பீட்டில் வரும் தொகை அங்கிருந்த எந்தக் குடும்பத்துக்கும் கட்டுப்படியாகாது.

3. தொழில்நுட்பத் தடை. சுவர் எழுப்பத் தெரிந்த கொத்தனாருக்கு நூறடி நீளத்துக்குக் குழாய் வாட்டம் (சரிவு) பார்க்கத் தெரியாது.

4. சமூகத் தடை. ஒரு வீடு மட்டும் தனியாகச் சாக்கடை போட முடியாது. சேர்ந்து செய்வதற்கான அமைப்பு இல்லை.

இந்த நான்கில் மனத் தடையைப் பற்றிப் பிறகு திரும்பவும் பேச வேண்டும். அதில் ஒரு சிக்கல் இருக்கிறது.

ஒரு தெரு சாக்கடை போட்ட விதம்

திட்டத்தின் அலகு வார்டு இல்லை, காலனியும் இல்லை. இருபது முதல் நாற்பது வீடுகள் கொண்ட ஒரு தெரு. இந்த அளவுதான் அந்தத் திட்டத்தின் மூளை என்று சொல்வேன். இருபது முப்பது வீடுகள் என்றால் யார் பணம் கொடுத்தார், யார் இழுத்தடிக்கிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். வசூலித்த பணத்தை வைத்திருப்பவரின் வீடு எதிரிலேயே இருக்கும். கணக்குத் தணிக்கைக்குத் தனி அதிகாரி தேவைப்படவில்லை.

தெருக்காரர்கள் கூடித் தங்களுக்குள் ஓரிருவரைப் பொறுப்பாளராகத் தேர்ந்தெடுப்பார்கள். அவர் முன்னோடித் திட்ட அலுவலகத்துக்குத் தெருவின் சார்பில் விண்ணப்பிப்பார். தொழில்நுட்ப ஊழியர் மட்டக் கருவியுடன் வந்து தெருவை அளப்பார். எந்தப் பக்கம் வாட்டம், எங்கே எவ்வளவு ஆழம், எத்தனை ஆள் இறங்கும் குழி, எவ்வளவு சிமென்ட், எவ்வளவு ஜல்லி என்று வரைபடமும் மதிப்பீடும் போட்டுக் கொடுப்பார். மொத்தத் தொகையை வீடுகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பொறுப்பாளர் வசூலிப்பார். குழி தோண்டுவதைச் சிலர் தாங்களே செய்தார்கள், சிலர் கூலி கொடுத்துச் செய்வித்தார்கள். இதில் மக்களின் பணம் ஒரு ரூபாய்கூட முன்னோடித் திட்டத்தின் கைக்குப் போகவில்லை என்பது முக்கியம். அந்த அமைப்பு கொடுத்தவை அறிவுரை, வரைபடம், இரும்பு அச்சுகள், கருவிகள், மேற்பார்வை.

1980களில் ஒரு வீட்டுக்குக் கழிப்பிடம், வீட்டு இணைப்பு, தெருக் குழாயில் பங்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் பாகிஸ்தான் ரூபாய் ஆனது. அரசுத் துறைகள் இதே வேலைக்குப் போட்ட மதிப்பீடு இதைப்போலப் பல மடங்கு. அந்த வித்தியாசத்தில் காண்டிராக்டரின் லாபமும் கமிஷனும் ஒரு பகுதி. மறு பகுதி, வடிவமைப்பையே மாற்றியதால் மிச்சமானது. லாரி ஓடாத சந்தில் லாரியின் எடையைத் தாங்கும் அளவுக்கு ஆழத்தில் குழாய் பதிக்கத் தேவையில்லை என்று ஆழத்தைக் குறைத்தார்கள். ஆள் இறங்கும் குழியைச் சிறிதாக்கி, இரும்பு அச்சு வைத்து அந்த இடத்திலேயே கான்கிரீட் வார்த்தார்கள். கழிப்பிடத்துக்கும் தெருக் குழாய்க்கும் நடுவே ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சிறு தொட்டி கட்டினார்கள். கெட்டியான கழிவு அதில் தங்கிவிட, நீர் மட்டும் தெருக் குழாய்க்குப் போனது. வாட்டம் குறைவாக இருந்தாலும் குழாய் அடைக்காமல் இருந்ததற்கு இந்தத் தொட்டிதான் காரணம்.

எல்லாம் முதல் முயற்சியிலேயே சரியாக வந்துவிடவில்லை. தொடக்கத்தில் போட்ட குழாய்களில் கான்கிரீட் தரம் மோசமாக இருந்தது. கலவை விகிதம் தவறியது. வார்த்த கான்கிரீட்டுக்குத் தண்ணீர் விட்டு ஆறவைக்கும் பழக்கம் இல்லை. குறை எங்கே என்று ஆராய்ந்து, அச்சுகளை மாற்றி, கொத்தனார்களுக்குப் பயிற்சி கொடுத்த பிறகே வேலை பிடிபட்டது.

தெருவுக்கு அப்பால் போகும் தண்ணீர்

முதலில் சாக்கடை போட்டவை மழைநீர் ஓடைகளை ஒட்டிய தெருக்கள். கராச்சியில் இந்த ஓடைகளை 'நாலா' என்கிறார்கள். பக்கத்தில் நாலா இருந்தால் குழாயை அதில் விட்டுவிடலாம். தள்ளியிருக்கும் தெருக்காரர்கள் என்ன செய்வார்கள்? கீழே இருக்கும் தெருவின் குழாயில் இணைக்க வேண்டும். அந்தத் தெரு ஒப்புக்கொள்ள வேண்டும். அதன் குழாய் மேல்தெருவின் நீரையும் தாங்கும் விட்டத்தில் இருக்க வேண்டும். ஆகவே பல தெருக்கள் கூடிப் பேசிப் பொதுக் குழாய் போட வேண்டிவந்தது. உள்ளூர் முடிவு என்பதற்கு இயற்கையாகவே ஒரு வரம்பு உண்டு என்பதை மக்கள் குழி தோண்டும்போதே கண்டுகொண்டார்கள்.

அந்த அனுபவத்திலிருந்து பிறந்ததுதான் ஒராங்கியின் எல்லைக்கோடு. கழிவுநீர் அமைப்பை அவர்கள் நான்கு நிலைகளாகப் பிரித்தார்கள்.

1. வீட்டுக்குள் கழிப்பிடம்.

2. தெருவில் நிலத்தடிக் குழாய்.

3. தெருக்களின் நீரைச் சேர்த்து எடுத்துச் செல்லும் பகுதிக் குழாய்.

4. முதன்மைக் கழிவுநீர்க் கால்வாயும் சுத்திகரிப்பு நிலையமும்.

முதல் மூன்றும் 'உள் பணி'. பணம், கட்டுமானம், பராமரிப்பு எல்லாம் மக்களுடையது. நான்காவது 'வெளிப் பணி'. அது அரசின் பொறுப்பு. அதில் எந்தத் தெருவாலும் எதுவும் செய்ய முடியாது. பயன் யாருக்கு என்பது கொடுத்தவரின் கண்ணுக்குத் தெரியும்வரை வேலை கீழே இருக்கலாம். பாதிப்பு எல்லை தாண்டும் இடத்தில் வேலை மேலே போக வேண்டும். பள்ளிக்கூடம், குப்பை, குடிநீர், வெள்ளத் தடுப்பு என்று எந்த நகரப் பிரச்சினைக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

இந்த முறையில் ஒராங்கியில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்களில், 90,000க்கும் மேற்பட்ட வீடுகளுக்கு மக்களே சாக்கடை போட்டுக்கொண்டார்கள்.

வரைபடம் யாரிடம் இருக்கிறதோ

ஒராங்கியில் சாக்கடை போட்ட அளவுக்குக் கவனிக்கப்படாத வேலை, வரைபடம் போட்டது. கட்டடக்கலை, பொறியியல் மாணவர்களும் உள்ளூர் இளைஞர்களும் தெருத்தெருவாகப் போய் வீடு, குழாய், நாலா, நிலமட்டம் எல்லாவற்றையும் பதிவு செய்தார்கள். கட்டடக் கலைஞர் ஆரிஃப் ஹசன் தொடக்க ஆண்டுகளிலேயே ஆலோசகராகச் சேர்ந்தார். 1980களின் தொடக்கத்தில் இளம் கட்டடக் கலைஞராக வந்து சேர்ந்த பர்வீன் ரஹ்மான் பின்னாளில் அதன் ஆய்வுப் பயிற்சி நிறுவனத்தை நடத்தினார்.

அரசு ஆவணத்தில் அந்தத் தெருக்களில் சாக்கடை கிடையாது, ஆனால் மண்ணுக்கடியில் சாக்கடை இருந்தது. மக்கள் ஏற்கெனவே போட்டதைக் கணக்கில் எடுக்காமல் மறுபடியும் குழாய் போட மதிப்பீடு தயாரித்தால், கடன் வாங்கிய பணம் மண்ணில் புதைகிறது என்று பொருள். கராச்சியின் கோரங்கி பகுதிக்கு ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் வரவிருந்த கழிவுநீர்த் திட்டத்துக்கு எதிராக, இருக்கும் நாலாக்களையும் மக்கள் போட்ட குழாய்களையும் பயன்படுத்தும் மாற்று வரைபடத்தை ஒராங்கிக் குழு முன்வைத்தது. அதன் செலவு பல மடங்கு குறைவு. 1999இல் சிந்து மாகாண ஆட்சி அந்தக் கடன் திட்டத்தைக் கைவிட்டது. மக்கள் பங்கேற்பு பற்றிய பல நூறு கருத்தரங்குகள் சாதிக்காததை அந்த வரைபடம் சாதித்தது.

வரைபடத்துக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. கராச்சி ஓரத்துப் பழங்கிராமங்களின் நிலத்தை யார் கைப்பற்றுகிறார்கள், தண்ணீர் எங்கே திருடப்படுகிறது என்பவற்றையும் பர்வீன் ரஹ்மான் பதிவு செய்துவந்தார். 2013 மார்ச் 13 அன்று வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். நகரத் திட்டமிடல் வெறும் தொழில்நுட்ப விஷயம் என்று யாராவது சொன்னால், இந்தப் பெண்ணை நினைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அரசு தன் பங்கைச் செய்யாதபோது

இப்போது அந்த மனத் தடைக்கு வருவோம். சாக்கடை அரசின் கடமை என்று நினைத்த ஒராங்கி மக்களின் எண்ணத்தில் தவறு என்ன? வசதி படைத்தவர்கள் வாழும் திட்டமிட்ட பகுதிகளில் பொதுப் பணத்தில்தான் சாக்கடை வந்தது. ஏழைகள் மட்டும் கையிலிருந்து கொடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பது நியாயமாகுமா? ஆகாது என்பதே என் கருத்து. காத்திருந்து பிள்ளைகளை நோய்க்குக் கொடுப்பதைவிட இது மேல் என்ற நிலையில் மக்கள் எடுத்த முடிவு அது. அதை அரசு கைகழுவுவதற்கான முன்மாதிரியாகக் காட்டுவது பெரும் அநியாயம்.

ஒராங்கியில் உள் பணி முடிந்தது, வெளிப் பணி பின்தங்கியது. தெருக் குழாய்களிலிருந்து வரும் கழிவுநீரின் பெரும்பகுதி நாலாக்கள் வழியே சுத்திகரிக்கப்படாமலே கடலுக்குப் போனது. நாலாக்களில் குப்பை சேர்ந்தது, கரைகள் சுருங்கின. 2020 ஆகஸ்டில் பெருமழை கொட்டியபோது கராச்சி மூழ்கியது. அதன்பின் நீதிமன்ற உத்தரவின் பேரில் 2021இல் குஜ்ஜர் நாலா, ஒராங்கி நாலா கரைகளில் இருந்த ஆயிரக்கணக்கான வீடுகள் இடிக்கப்பட்டன. தன் பங்கு வேலையைப் பல ஆண்டுகள் தள்ளிப்போட்ட அரசு, விளைவுக்கான தண்டனையைக் கரையோரம் வாழ்ந்தவர்கள் தலையில் இறக்கியது.

வேலையைப் பிரிக்கும்போது மேல்நிலைக்கு ஒதுக்கிய பங்குக்கும் காலக்கெடுவும் நிதியும் எழுதி வைக்காவிட்டால், கீழ்நிலையின் உழைப்பு பாதி வீணாகும்.

இந்தியச் சட்டம் என்ன கொடுக்கிறது?

1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டத்தின் 74ஆவது திருத்தம்தான் நமக்கு அடிப்படை. அதில் தெரிந்துகொள்ள வேண்டியவை:

1. பன்னிரண்டாம் அட்டவணை 18 பணிகளைப் பட்டியலிடுகிறது. முதல் பணியே நகரத் திட்டமிடல். ஆனால் இவற்றை நகராட்சிகளுக்கு மாநிலச் சட்டமன்றம் 'வழங்கலாம்' என்றுதான் பிரிவு 243டபிள்யூ சொல்கிறது. வழங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

2. மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழு கட்டாயம்.

3. பத்து லட்சமோ அதற்கு மேலோ மக்கள்தொகை உள்ள பெருநகரப் பகுதிக்குப் பெருநகரத் திட்டக் குழு வேண்டும். அதன் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்கள், அந்தப் பகுதியின் உள்ளாட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களாலேயே தங்களுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும்.

4. உள்ளாட்சிகளுக்கு எவ்வளவு நிதி என்று பரிந்துரைக்க மாநில நிதி ஆணையம்.

'வழங்கலாம்' என்ற அந்த ஓட்டை வழியாகத்தான் பெரும்பாலான மாநிலங்கள் திட்டமிடல் அதிகாரத்தைத் தங்களிடமே வைத்துக்கொண்டன. தமிழ்நாட்டில் முழுமைத் திட்டம் 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி தயாராகிறது. சென்னைப் பெருநகரப் பகுதிக்குச் சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்), பிற இடங்களுக்கு நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று இரண்டும் மாநில அரசின் அமைப்புகள். மாநகராட்சி மன்றத்தில் உட்காரும் கவுன்சிலர், தன் வார்டின் நிலப் பயன்பாட்டைத் தீர்மானிப்பவர் இல்லை.

கேரளம் வேறு வழியில் போனது. 1996இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவெடுத்தார்கள். அதிகாரம் கொடுக்கும் அளவுக்கு உள்ளாட்சிகளுக்குத் திறமை வரட்டும் என்று காத்திருக்காமல், பணத்தை முதலில் கொடுத்தார்கள். செலவழிக்கப் பணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு கூட்டத்துக்கு வருபவரின் பேச்சே மாறிவிடும். கோரிக்கை வைப்பதை விட்டு, இதற்கா அதற்கா என்று விவாதிக்கத் தொடங்குவார்கள்.

ஏரியா சபைக்கு இல்லாதவை

தமிழ்நாட்டில் வார்டு குழு, ஏரியா சபை விதிகள் 2022இல் வெளியாயின. ஒவ்வொரு வார்டையும் பல பகுதிகளாகப் பிரித்து, அந்தந்தப் பகுதி வாக்காளர்களைக் கொண்டது ஏரியா சபை. உள்ளாட்சி தினமான நவம்பர் 1 அன்று அந்த ஆண்டிலேயே முதல் கூட்டங்கள் நடந்தன. கிராம சபைக்கு இணையாக நகரத்தில் எதுவுமே இல்லாதிருந்த நிலையில் இது பெரிய முன்னேற்றம். குறைத்து மதிப்பிடக் கூடாது.

ஒராங்கியின் அனுபவத்தை வைத்துப் பார்த்தால் சில இடைவெளிகள் தெரிகின்றன. முதலாவது, பகுதிப் பிரதிநிதி மக்களால் தேர்ந்தெடுக்கப்படுவதில்லை, நியமிக்கப்படுகிறார். ஒராங்கியின் தெருப் பொறுப்பாளரை நம்பிப் பணம் கொடுத்ததற்குக் காரணம், அவரைத் தெருவே தேர்ந்தெடுத்தது. தவறினால் தெருவே மாற்றிவிடும். இரண்டாவது, சபை பரிந்துரைக்கலாம், வரிசைப்படுத்தலாம்; தன் முடிவின்படி செலவழிக்கத் தனி நிதி அதன் கையில் இல்லை. மூன்றாவது, கூட்டத்தில் வைக்க வரைபடம் இல்லை. நிலமட்டம் தெரியாமல் வடிகால் பற்றிப் பேசுவது எப்படி? தண்ணீர் நிற்கிறது என்று சொல்ல எவராலும் முடியும். அது எங்கிருந்து வந்து எங்கே போக வேண்டும் என்பதை மட்டம் குறித்த வரைபடம்தான் காட்டும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. கீழ்நிலைக்குக் கொடுத்துவிட்டால் தானாகவே நீதி கிடைத்துவிடும் என்று எண்ணக் கூடாது. சொந்த வீட்டுக்காரர்களின் சங்கம் வலுவாக இருக்கும் பகுதியில் வாடகைக்கு இருப்பவர், நடைபாதை வியாபாரி, பட்டா இல்லாத கரையோரக் குடும்பம் ஆகியோரின் குரல் எடுபடாது. வியாபாரிகளை விரட்ட வேண்டும் என்பதே ஒரு சபையின் தீர்மானமாக வரக்கூடும். அதைத் தடுக்கும் அடிப்படை உரிமைகள் மாநில, தேசிய அளவில் உறுதியாக இருக்க வேண்டும்.

மேலே இருக்க வேண்டியதையும் கீழே தள்ளக் கூடாது. பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தென்சென்னையின் பல ஏரிகளிலிருந்து வழியும் நீர் அங்கே வந்துதான் கடலை நோக்கிப் போகிறது. 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த சதுப்புநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பிடித்த அந்தச் சதுப்பின் ஓரத்தில் ஒரு மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுப்பதா என்பதை அந்த வார்டு தனியாக முடிவு செய்தால், விளைவை மேலே இருக்கும் பத்து வார்டுகள் அனுபவிக்கும். ஒராங்கியின் கணக்கில் இது வெளிப் பணி. நீர்வழி முழுவதற்கும் பொறுப்பான, தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பெரும்பான்மையாக உள்ள பெருநகரத் திட்டக் குழு செய்ய வேண்டிய வேலை. தெருவோர வடிகாலை எப்போது தூர்வாருவது, சிறு பூங்காவை எங்கே வைப்பது, எந்தத் தெருவில் பள்ளி நேரத்தில் வண்டிகளை நிறுத்தக் கூடாது என்பவை சபைக்குரியவை. அவற்றுக்கும் மாநிலத் தலைமையகத்தின் ஒப்புதல் வேண்டும் என்றால் அது வீண் அலைச்சல்.

அடுத்த ஏரியா சபைக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் மூன்று ஆவணங்களைக் கேட்கலாம். வார்டின் மழைநீர் வடிகால்களை நிலமட்டத்துடனும் நீரின் போக்குடனும் காட்டும் வரைபடம். நடப்பு நிதியாண்டில் அந்த வார்டில் வசூலான சொத்து வரியும் அங்கே செலவான தொகையும். கடந்த கூட்டங்களின் தீர்மானங்கள் ஒவ்வொன்றும் எந்த அலுவலகத்தில் எந்த நிலையில் இருக்கின்றன என்ற பட்டியல். கூட்டத்தில் கிடைக்காவிட்டால், 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மாநகராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பிக்கலாம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும்.